ஆடியில் அளந்த கோணம்

ஆறுமுகநேரியிலிருந்து கடலைப் பார்க்கப் போகிற வழியில் இடது கைப் பக்கம் வெள்ளையாகத் தெரிகிற உப்பளம் நான் போட்டது. உடைமரம்கூட ஒழுங்காக வளராத களர் என்று எல்லாரும் கைவிட்ட இடம் அது. தூத்துக்குடியில் துறைமுகச் சாலையில் இரண்டு கிடங்கும் ஒரு லாரி எடைமேடையும் இருக்கின்றன. பெரியதாழை மீன்காரர்களுக்கு ஐஸ் போகிற ஆலை என்னுடையது. ஸ்ரீவைகுண்டத்தில் கல்யாண மண்டபத்துக்கு அஸ்திவார வானம் தோண்டினேன்; ஆற்றில் வெள்ளம் வந்து குழியை மூடியது; தண்ணீர் வடிந்ததும் மறுபடி தோண்டினேன். முதல் கிடங்குக்கு வரைபடம் போட வந்த இன்ஜினியர், "அண்ணாச்சி எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். எட்டு என்றேன். சிரித்தார். அந்தக் கிடங்கு எத்தனையோ புயலைப் பார்த்துவிட்டு இன்னும் நிற்கிறது. அவர் வரைந்த வேறு கட்டடங்கள் நிற்கின்றனவா என்று எனக்குத் தெரியாது.

பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பெருமை இருக்கிறது, சொல்கிறேன். இவ்வளவும் எப்படி வந்தது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான். நான் எதையும் எடுத்த எடுப்பில் நம்புவதில்லை. சிமெண்ட் மூட்டையைத் தட்டிப் பார்ப்பேன். சிரித்துக்கொண்டு வருகிறவனை இரண்டு தடவை பார்ப்பேன். இந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது. அது கூர்மையானது பன்னிரண்டு வயதில், ஒரு பனைமரத்தின் அடியில்.

வருகிற சித்திரையில் என் அக்காள் மகனுக்கு மணிவிழா. வெளிநாட்டில் பாலம் கட்டிப் பேர் வாங்கியவன் அவன். விழாவுக்கு மலர் போடுகிறார்கள். அதில் அவனுடைய தகப்பனாரை, அதாவது என் அத்தானைப் பற்றி வரப்போகிற கட்டுரையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அத்தான் ஒரு காலத்தில் முக்கோணக் கணக்கை வைத்துச் சாய்ந்த பனையின் கோணத்தைக் கண்டுபிடித்து, பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பியைச் சேர்த்துவைத்தாராம். மகனுக்கு இன்ஜினியர் மூளை அங்கிருந்து வந்ததாம். கடைசியில் ஒரு வரி: "அளவு எடுக்க ஒரு சிறுவன் உதவினான்."

ஒரு சிறுவன்! கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். அப்படியேதான் இருந்தது. அந்தச் சிறுவன் நான். ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது ஆறுமுகநேரிப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் மணல் முற்றம். பக்கத்து வீடு பெரியப்பாவுடையது. பாகம் பிரித்த நாளிலிருந்து அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. பிரித்துக் கொடுக்க வந்தவர் ஒரு பழைய துணி டேப்பைக் கொண்டுவந்திருக்கிறார். அண்ணன் பங்கை அளக்கும்போது அதை இழுத்தும், தம்பி பங்கை அளக்கும்போது தொய்யவிட்டும் பிடித்தார்கள் என்று அப்பா நம்பினார். பெரியப்பா இதையே திருப்பிப் போட்டு நம்பினார். அதன் பிறகு இரண்டு வீட்டுக்குள்ளும் டேப் என்ற சாமான் நுழைந்ததில்லை. கட்டிலானாலும் கதவானாலும் கைமுழம்தான். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் ஒரு முழம். கையை யாரும் இழுத்து நீட்ட முடியாது. அந்த ஒரு விஷயத்தில் அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் இருந்தார்கள்.

இரண்டு முற்றத்துக்கும் நடுவே பனைமட்டை வேலி. வேலி முடிகிற இடத்தில் ஒரு கிணறு. அது மட்டும் பொது. வேலியோடு சேர்த்துக் கட்டப்பட்டு ஒரு பனை நின்றது. மரம் பெரியப்பா பாகம். அதன் சாய்வு எங்கள் பாகம். அந்த வருஷம் ஆடிக் காற்று கொஞ்சம் மூர்க்கமாக வீசியது. மரம் இன்னும் சாய்ந்துவிட்டதென்றும், கடையின் ஓட்டுக் கூரை மேல்தான் விழும் என்றும் அப்பா ஆள்விட்டுச் சொன்னார். அது என் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் நிற்கிறது, நல்ல காய்ப்பு மரத்தை வெட்ட மாட்டேன் என்று பெரியப்பா அதே ஆளிடம் திருப்பிச் சொன்னார். கூடவே ஒன்று சொன்னார்: "அவன் மருமவன் படிச்சவன்தான? புதுத் துறைமுக வேலையில ஓவர்சீயர்தான? அவனே வந்து பாத்துச் சொல்லட்டும்."

இங்கேதான் என் முதல் சந்தேகம். அக்காவுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆடி பிறந்ததும் வழக்கப்படி அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். ஆடி முடிகிற வரைக்கும் புது மாப்பிள்ளை மாமியார் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. ஏன் கூடாது என்று அம்மாவிடம் கேட்டேன். காற்றுக் காலம் என்றாள். அத்தான் நல்ல ஆகிருதியான மனிதர்; காற்று அவரை என்ன செய்துவிடும் என்று எனக்கு விளங்கவில்லை. அப்படிப்பட்ட மாதத்தில், பெரியப்பா சொல்லி அனுப்பிய மறுநாளே, லீவு போட்டுவிட்டு அத்தான் பெரியப்பா வீட்டில் வந்து இறங்கினார்.

அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "ஆடியில வரக்கூடாதுன்னு தெரியாதா அவனுக்கு?"

"நம்ம வாசல எங்க மிதிச்சாவ?" என்றாள் அம்மா. "ஒங்க அண்ணன் வீட்டு வாசலத்தான மிதிச்சிருக்காவ."

"அதத்தாம்ளா நானும் சொல்லுதேன். வக்கீல் கணக்கால்லா வாரான். எங்க அண்ணன் கையில ஆளு சிக்கிட்டான்." என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ கூடவே நில்லு. என்ன அளக்கான், என்ன எழுதுதான், யாருகூடப் பேசுதான், அம்புட்டும் எனக்கு வந்து சொல்லணும்."

அப்படி நான் உளவுக்கு நியமிக்கப்பட்டேன்.

பனையேறி ஒருவரைக் கூப்பிட்டு மரத்தில் ஏற்றினார்கள். அவர் கொண்டையிலிருந்து அடிவரைக்கும் மரத்தோடு ஒட்டி ஒரு கயிற்றை விட்டு, இறங்கி வந்து அந்தக் கயிற்றைத் தன் கையால் முழம் போட்டார். முப்பது முழம். இன்னொரு கயிற்றைக் கொண்டையில் கட்டி, நுனியில் பெரியம்மாவின் அம்மிக்குழவியை முடிந்து தொங்கவிட்டார். மரம் எங்கள் பக்கம் சாய்ந்திருந்ததால் குழவி எங்கள் முற்றத்தில்தான் வந்து தொங்கியது. மரத்தின் அடியிலிருந்து குழவிக்கு நேர் கீழே இருக்கிற இடம் வரைக்கும் தரையில் எவ்வளவு தூரம்? அதுதான் தெரிய வேண்டும். அத்தான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். ஆடியில் இந்தப் பக்கம் வரக் கூடாதே. அளக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது.

குழவி காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. "காத்து நிக்கட்டும் மாப்ளே, அவசரமில்ல" என்றார் அத்தான். வேலி மட்டைகளின் இடைவெளியில் அவர் கண் மட்டும் தெரிந்தது. அது குழவியைப் பார்க்கவில்லை. கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிணற்றடியில் அக்கா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். சாதாரண நாளில் ஒரு குடம் தண்ணீருக்கு அம்மா பத்துத் தடவை கத்த வேண்டும். அன்று அவள் வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரத்தையும் நிறைத்துவிட்டுத் தென்னைக்கும் இறைத்துக்கொண்டிருந்தாள். இதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

குழவி நின்றதும் நான் மணலில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி விரலை நீட்டி, அளந்தேன். ஆறு முழம்.

பிறகு வேலியைச் சுற்றிப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அத்தான் சுண்ணாம்புச் சுவரில் கரித்துண்டால் முக்கோணம் போட்டார். சாய்ந்த கோடு மரம். நேராகத் தொங்குகிற கோடு கயிறு. கீழே கிடப்பது நான் அளந்த தரை. உச்சியில், மரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே உள்ள மூலையில் ஒரு முட்டையை வரைந்து அதன் வயிற்றில் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

"இது தீட்டா. தெரியாத கோணம். இதத்தான் பிடிக்கணும்" என்றார். அடியில் எழுதியதை வாசித்தும் காட்டினார். தரை என்பது மரம் பெருக்கல் சைன் தீட்டா.

"இப்பம் என்ன செய்யணும்? தீட்டாவத் தனியா நிப்பாட்டணும். அதுகூட ஒட்டிக்கிட்டு நிக்கதையெல்லாம் ஒண்ணொண்ணா அந்தப் பக்கம் அனுப்பணும். மரம் இங்கன பெருக்கிக்கிட்டு நிக்கா? அங்கன போனா வகுக்கும்."

"ஏன்?"

"பக்கம் மாறிட்டுல்லா."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கடைத் தராசில் இந்தத் தட்டில் சீனியாக இருப்பது அந்தத் தட்டுக்குப் போனதும் உப்பாகிவிடாது. "அப்பம் சைன்?" என்றேன்.

"அதுவும் போவும். ஆனா நேரா போவாது, தலகீழாப் போவும்." சட்டைப் பையிலிருந்து நைந்துபோன சைன் அட்டவணையை எடுத்தார். "கோணம் தெரிஞ்சா ஓரத்துல பாத்து உள்ள போயி சைன எடுக்கணும். நமக்குச் சைன்தான் தெரியும். ஆறை முப்பதால வகுத்தா புள்ளி ரெண்டு. அத உள்ளுக்குள்ள தேடிக் கண்டுபிடிச்சு, அங்கேருந்து ஓரத்துக்கு வெளிய வரணும்."

முன்வாசல் இருக்கும்போது பின்வாசல் வழியாக நுழைந்து முன்வாசலுக்கு வருகிறவனை எங்கள் ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் விரல் அட்டவணைக்குள் புள்ளி இரண்டைத் தேடிப் பிடித்து ஓரத்துக்கு வந்து நின்ற இடத்தில் விடை இருந்தது: பதினொன்றரை டிகிரி.

"அவ்வளவுதானா? மரம் விழுமா விழாதா?"

"ஒரு நாள் அளவுல எப்பிடிச் சொல்ல முடியும்? தெனமும் கோணத்தப் பிடிக்கணும். கூடுனா மரம் சாயுது. கூடலேன்னா நிக்கி. நாலஞ்சு நாள் பாக்கணும்" என்றார். பெரியம்மா உள்ளேயிருந்து, "பத்து நாளுகூட இருந்து பாருங்க மருமவப்பிள்ள, என்ன இப்பம்?" என்றாள். அவள் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. பெரியம்மாவுக்குக் கணக்கில் இவ்வளவு ஆசை என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் அப்பா கடையைச் சாத்திவிட்டுக் கண்ணயர்ந்த நேரம். குழவி ஆடிக்கொண்டிருந்தது. அத்தான் வேலி வழியே என்னைக் கூப்பிட்டார். "மாப்ளே, வெயிலு மண்டையப் பொளக்கு. ரயிலடிக் கடையில போயி ரெண்டு கலர் சோடா வாங்கிட்டு வா. ஓடாத, குலுங்கினா பொங்கிரும். ஒண்ண அங்கனயே உக்காந்து ஆற அமரக் குடி. இன்னொண்ணு எனக்கு."

நான் ஆற அமரத்தான் குடித்தேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. திரும்பி வந்தபோது அளவு முடிந்திருந்தது. ஐந்தரை முழமாம். பத்தரை டிகிரியாம். யார் அளந்தது என்று கேட்டேன். அத்தான் சோடாவின் கோலியை உள்ளே தள்ளுவதில் மும்முரமாக இருந்தார்.

அதற்கு அடுத்த நாள் நானே படுத்து அளந்தேன். மறுபடியும் ஆறு முழம், பதினொன்றரை.

அப்பாவிடம் ஒப்பித்தபோது அவர் முகம் கறுத்தது. "மொத நா பதினொண்ணரை. நேத்து பத்தரை. இன்னிக்குத் திரும்பப் பதினொண்ணரை. என்னல இது? மரம் மத்தியானம் எந்திரிச்சு ஒக்காந்துட்டுப் பெறவு படுத்துக்கிடுதா?"

"பக்கம் மாறினா பெருக்கல் வகுத்தலாயிரும்னு சொன்னாரு" என்றேன், உளவில் விட்டுப்போன ஒன்றைச் சேர்க்கிற ஆர்வத்தில்.

"சொன்னானா? அப்பிடியே சொன்னானா?" அப்பா எழுந்து நின்றுவிட்டார். "பாத்தியாளா ஒன் மருமவன? பக்கம் மாறினா பேச்சு மாறும்னு அவன் வாயாலயே சொல்லிருக்கான். எங்க அண்ணனுக்குத் தோதா கோணத்தக் கொறச்சுக் காட்டுதான். இல்லேன்னா ரெண்டு பேரும் சேந்து மரத்துல கயித்தப் போட்டு இழுக்கானுவ. இந்தக் கள்ளக் கணக்கு வெளுக்காம, ஆடி முடிஞ்சாலும் சரி, ஆவணி முடிஞ்சாலும் சரி, எம் மவள அவங்கூட அனுப்ப மாட்டேன்."

அடுக்களையில் ஒரு தட்டு விழுந்தது. அக்கா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண் வீங்கியிருந்தது. "ஏலே, ஒனக்குத்தான மூள இருக்கு. அப்பா ஒன் பேச்சத்தான நம்புதாவ. மரம் ஏன் கூடிக் கொறயுதுன்னு ஏதாவது கண்டுபிடிச்சுச் சொல்லேம்ல."

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஓவர்சீயர் இருக்கிறார், அட்டவணை இருக்கிறது. ஆனாலும் அவள் வந்தது என்னிடம்.

நான் போய் வேலியோரத்தைப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர் ஓடி ஈரமாகிக் கிடந்த மணல் அது. காற்று அதைக் கிளப்பியிருக்கவில்லை. என் முழங்கைக் குழிகள் ஆறும் வரிசையாக அப்படியே இருந்தன. அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு வரிசை இருந்தது. குழிக்கும் குழிக்கும் இடைவெளி கொஞ்சம் கூடுதல். அந்தக் குழி ஒன்றில் என் முழங்கையை வைத்துக் கையை நீட்டினேன். அடுத்த குழி என் விரலுக்கு எட்டவில்லை.

சட்டென்று எல்லாம் விளங்கியது. மரம் அசையவே இல்லை. கை மாறியிருக்கிறது! என் கை சின்னக் கை. ஆறு முழம் வந்தது. வேறு யாரோ நீளக் கைக்காரர் அளந்தபோது ஐந்தரை வந்தது. மரத்தை முப்பது முழம் என்று சொன்னதோ பனையேறியின் கை. அது எங்கள் எல்லார் கையையும்விட நீளம். அவர் முழத்தால் மரத்தையும் என் முழத்தால் தரையையும் அளந்து ஒன்றை ஒன்றால் வகுத்தால் எந்த அட்டவணையால் என்ன பயன்? இரண்டு தட்டுக்கும் ஒரே படிக்கல் வேண்டும் என்பது கடைக்காரன் பிள்ளைக்குத் தெரியாதா?

இன்னொன்றும் கண்டேன். பெரிய குழி ஒன்றில் உடைந்த வளையல் துண்டு கிடந்தது. பச்சைக் கண்ணாடி.

ஓடிப்போய் அப்பாவைக் கடையிலிருந்து இழுத்து வந்தேன். அம்மாவும் பின்னாலேயே வந்தாள். அக்கா கிணற்றுக்குப் பின்னால் நின்றாள். நான் குழிகளைக் காட்டி விளக்கினேன். அப்பா குந்தியிருந்து தன் விரலால் இடைவெளியைச் சரிபார்த்தார். முகம் தெளிந்துகொண்டு வந்தது. கடைசியாக நான் வளையல் துண்டை எடுத்து நீட்டினேன். "அளந்தது ஒரு பொம்பள. பெரியம்மாதான் வேலியத் தாண்டி வந்திருக்கா!"

அப்பாவின் முகம் மறுபடி இருண்டது. "நம்ம எடத்துக்குள்ளயா? அவ எதுக்கு..."

"நாந்தான் அளந்தேன்" என்றாள் அம்மா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

"இவன் சோடா குடிக்கப் போயிட்டான். மருமவன் வெயில்ல நிக்காவளேன்னு நானே அளந்து சொன்னேன். இப்பம் என்ன?" என் கையிலிருந்த வளையல் துண்டைப் பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அம்மாவின் கையில் இரண்டு பித்தளைக் காப்பைத் தவிர வேறு கிடையாது. கண்ணாடி வளையல் போடுகிற வயதா அவளுக்கு? அன்று அந்த நேரத்தில் அவள் உள்ளே உளுந்து உடைத்துக்கொண்டிருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். நான் கண்டுபிடித்ததில் பேர் வாங்குவதற்காகப் பெற்ற தாயே பொய் சொல்கிறாள் என்று முடிவு செய்தேன். என் உழைப்புக்கு அடுத்தவர் பேர் வாங்கியது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு பலர் வாங்கியிருக்கிறார்கள்.

நான் விடவில்லை. "மரத்த அளந்த கையே தரையையும் அளக்கணும். அப்பந்தான் கோணம் நெசம்" என்று அப்பாவிடம் பிடிவாதமாக நின்றேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. பனையேறி திரும்பவும் வந்தார். தன் நீளக் கையால் தரையை அளந்தார். ஐந்தே முழம். அத்தான் சுவரில் வகுத்து, அட்டவணைக்குள் தேடி, வெளியே வந்தார். ஒன்பதரை டிகிரி. மறுநாள் காலையிலும் பனையேறியே அளந்தார். ஐந்தே முழம், ஒன்பதரை டிகிரி.

அந்த இரண்டாவது அளவுக்கு வேலியின் அந்தப் பக்கம் பெரியப்பாவும் இந்தப் பக்கம் அப்பாவும் வந்து நின்றார்கள். நடுவில் நான்.

"ஏலே, ஒங்க அப்பன்ட்டச் சொல்லு" என்றார் பெரியப்பா, அப்பா கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கும்போதே. "எம் மரம் ஒரு வெரக்கட நகரல."

அப்பா பனையேறியைப் பார்த்து, "அந்த ஆள்ட்டக் கேளுடே. நகராத மரத்துக்கு ஓவர்சீயரு இத்தன நாளா என்னத்த அளந்தாருன்னு கேளு" என்றார்.

அத்தான் அட்டவணையில் எதையோ தேட ஆரம்பித்தார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "காத்து நிக்கணும்லா" என்றாள்.

அத்தான் தொண்டையைச் செருமினார். "இல்ல மாமா, முழத்துல அளந்ததுல வந்த கொழப்பம். ஆபீஸ்லேருந்து ஒரு டேப் கொண்டாந்திருந்தா..."

"டேப்பா?" என்றார் அப்பா.

"டேப்பா?" என்றார் பெரியப்பா.

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவ்வளவு காலத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பெரியப்பா நேராக அப்பாவிடம், "பாத்தியா இவன? இதுக்குள்ள டேப்பக் கொண்டாருவானாம்!" என்றார். "சின்னப் பய, தெரியாமச் சொல்லிட்டான், விடுங்க" என்றார் அப்பா. கள்ளக் கணக்கன் சின்னப் பயல் ஆகிவிட்டார். அக்கா கிணற்றடியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆடி முடிந்ததும் அவளைப் பெட்டியும் பலகாரமுமாக அப்பாவே கொண்டுபோய் விட்டார். மரம் அதே ஒன்பதரை டிகிரியில் இன்னும் எத்தனையோ ஆடிக் காற்றுக்கு நின்றது.

மறு வருஷம் சித்திரையில் அக்காவுக்கு எங்கள் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்த பொம்பளைகள் குழந்தையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு விரலை மடக்க ஆரம்பித்தார்கள். பங்குனி, மாசி, தை என்று பின்பக்கமாகவே போனார்கள். அத்தான் அட்டவணையின் உள்ளே புகுந்து ஓரத்துக்கு வந்ததுபோல, எல்லா விரலும் சுற்றி வந்து ஒரே இடத்தில் நின்றன. அங்கே என்ன விடை இருந்தது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"புள்ள அவசரக்காரன். நாளு தெகையுமுன்ன வந்துட்டான்" என்றாள் அம்மா, யாரும் கேட்காமலேயே.

"ஆமா ஆமா" என்றாள் பெரியம்மா. "தெகையாமப் பொறந்தே இம்புட்டுக் கன்னம்னா, தெகைஞ்சிருந்தா வாசல இடிச்சுத்தான் வெளிய எடுக்கணும்."

அப்பா குழந்தையைப் பார்த்தார். ஜன்னல் வழியே பனையைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். கிணற்றையும் பார்த்தார். சீயக்காய்ப் பொட்டலத்தைக்கூட மோந்து பார்த்து வாங்குகிற மனிதர் அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். நான் மட்டும் ஒன்றும் புரியாமல் என் விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம்? யார் எந்தக் கையால் எதை அளக்கிறார்கள்?

புரிய வெகுகாலம் ஆயிற்று. முதல் கிடங்கு கட்டும்போது ஒரு பக்கச் சுவர் சாய்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். கொத்தனாரிடம் சொன்னேன். அவர் சுவர் உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குண்டு தொடுகிற இடத்தில் தரையில் ஓர் ஆணியை அடித்தார். "நாளைக்கு வந்து பாருங்க அண்ணாச்சி. குண்டு ஆணி மேலயே நின்னா சுவரு அசையல. வெலகினா சாயுது." அவ்வளவுதான். முழம் வேண்டாம், வகுத்தல் வேண்டாம், சைன் வேண்டாம்.

நான் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் முற்றத்தில் குழவிக்கு நேர் கீழே ஒரு குச்சியை அடித்திருந்தால் போதும். முதல் நாளே போதும். துறைமுகத்தில் வேலை பார்த்த ஓவர்சீயருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

அன்று சாயங்காலமே அத்தான் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "ஒரு குச்சி போதும்லா அத்தான்? தீட்டா எதுக்கு?" அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது. அக்கா காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒனக்கு இப்பந்தான் வெளங்குதாக்கும்?" என்றாள். இந்தக் கட்டுரை எழுதுவதற்கு முன் அவளிடம் போனில் அனுமதி கேட்டேன். "எங்களுக்கு வயசு போச்சு, எழுதித் தொல" என்றாள்.

ஆகவே மலர் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். அத்தான் கோணத்தைக் கண்டுபிடித்தது உண்மை. ஆனால் அந்தக் கோணம் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது அக்கா அத்தானோடு போவது. அதற்கு வழி செய்தது அந்த மணலில் குப்புறப் படுத்த என் முழங்கை. "ஒரு சிறுவன் உதவினான்" என்ற வரியை அடித்துவிட்டு, தாய் தகப்பன் பேருக்கு அடுத்தபடியாக என் பேரைப் போட வேண்டும். அது மட்டுமல்ல. அன்று மத்தியானம் நான் சோடா வாங்கப் போகாமல் அங்கேயே நின்றிருந்தால், அல்லது வாங்கிய கையோடு ஓடி வந்திருந்தால், இந்த மணிவிழாவே கிடையாது. எழுத்துப் பெரிதாக இருக்கட்டும்.